சருகுக்குச் சட்டம் உண்டு, சாக்கு இல்லை

மாசி பிறந்ததும் நம் ஊர் வேம்புகள் சட்டத்தை மீறத் தொடங்கிவிடுகின்றன. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டம் கூட்டினால் மூன்று வேலைநாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. வேம்பு யாருக்கும் தெரிவிப்பதில்லை. ஒரே வாரத்தில் இலை அத்தனையையும் பொது இடத்தில் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. பங்குனியில் அரசமரம் அதே குற்றத்தைச் செய்கிறது. பாதாம் மரத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போதாது, இரண்டு முறை செய்கிறது. பெருங்கொன்றை, இலை போதாதென்று பூவையும் சேர்த்துக் கொட்டுகிறது. இத்தனை குற்றவாளிகள் தப்பி ஓடக்கூட முடியாமல் தெருவிலேயே வேரூன்றி நிற்க, ஒருவர்மீதும் இதுவரை வழக்கில்லை. நம் அதிகாரிகளின் பெருந்தன்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

சட்டம் இல்லை என்று மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது. உதிர்ந்த இலையைப் பற்றி இந்தக் குடியரசு கால் நூற்றாண்டாகக் கவலைப்பட்டு வருகிறது. 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளிலேயே கழிவை எரிக்கக் கூடாது என்று எழுதி, கழிவு என்றால் என்னவென்று யாருக்கும் ஐயம் வந்துவிடக் கூடாதே என்று அடைப்புக்குறி போட்டு, குப்பையோடு காய்ந்த இலையையும் அதற்குள் உட்காரவைத்தார்கள். தோட்டக் கழிவைத் தனியாகச் சேகரித்து உரிய நெறிமுறைப்படி அகற்ற வேண்டும் என்றும் அதே விதிகள் கட்டளையிட்டன. அந்த உரிய நெறிமுறை எது என்று கேட்காதீர்கள். உரியவர்களுக்குத் தெரியும். உரியவர்கள் யார் என்றும் கேட்காதீர்கள். அவர்கள் மீட்டிங்கில் இருக்கிறார்கள்.

பதினாறு ஆண்டு கழித்து 2016-இல் கவலை இன்னும் ஆழமானது. வீட்டுக்காரர் தம் தோட்டக் கழிவைத் தம் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி அமைப்பு அவ்வப்போது தரும் வழிகாட்டுதலின்படி அகற்ற வேண்டும். தெருவில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, வடிகாலில் தள்ளக் கூடாது. குடிமகன் செய்யக் கூடாதவை எல்லாம் இப்படிப் பளிச்சென்று இருந்தன. உள்ளாட்சி செய்ய வேண்டியதோ அந்த 'அவ்வப்போது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த சொற்களிலேயே சொகுசானது அதுதான். பூங்காக் கழிவைப் பூங்காவுக்குள்ளேயே 'இயன்றவரை' உரமாக்க வேண்டும் என்று இன்னொரு சொகுசு. நம் பூங்காக்களில் இயன்றவரைதான் செய்கிறார்கள். இயன்றது அவ்வளவுதான். பூங்காவில் விழும் இலை லாரியில் வெளியே போகிறது. அதே பூங்காவின் செடிகளுக்கு எரு வேறு லாரியில் உள்ளே வருகிறது. போகும் லாரிக்கு ஒரு பில், வரும் லாரிக்கு ஒரு பில். மரத்தடியிலேயே ஒரு குழி வெட்டி இலையை அதில் போட்டால் இரண்டு பில்லும் போய்விடும். யார் வயிற்றில் அடிக்கப் பார்க்கிறீர்கள்?

இந்த விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது தெருக்கூட்டுவோரைப் பற்றியது. தெருவைக் கூட்டும்போது சேரும் மர இலைகளை எரிக்க வேண்டாம், தனியாகச் சேமித்து, கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள் என்று தெருக்கூட்டுவோருக்கு உள்ளாட்சி அறிவுறுத்த வேண்டுமாம். எவ்வளவு அழகான வாக்கியம்! ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவருக்கு ஒரு கும்பிடு. இனி அந்த வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்குவோம்.

மஸ்டரில் கைநாட்டோ முகப்பதிவோ வைத்துவிட்டு ஒரு அம்மா வருகிறார். கையில் துடைப்பம், ஒரு தகரத் தட்டு, ஒரு தள்ளுவண்டி. தெருவில் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். அரை மணியில் இடுப்புயரக் குவியல். 'தனியாகச் சேமித்து' என்றார்களே, எதில்? சாக்கு கொடுக்கவில்லை. எங்கே? இடம் சொல்லவில்லை. 'ஒப்படையுங்கள்' என்றார்களே, யாரிடம்? பேட்டரி வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தழையெல்லாம் ஏத்தமாட்டோம்மா, வண்டி ரொம்பிடும்" என்று போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீடுகளின் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் ஏற்றவே அந்த வண்டியில் இடமில்லை. எட்டு மணிக்குள் தெரு 'க்ளீன்' என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்டோவில் குவியல் தெரிந்தால் மேஸ்திரி திட்டுவார், மேஸ்திரியை எஸ்.ஐ. என்கிற சுகாதார ஆய்வாளர் திட்டுவார், எஸ்.ஐ.யைத் திட்ட மேலே படிப்படியாக ஆள் இருக்கிறார்கள். திட்டுவதற்கு இத்தனை அடுக்கு வைத்திருக்கும் நிர்வாகத்தில் சாக்கு கொடுக்க ஓர் ஆள் இல்லை.

அப்போதுதான் இடுப்பு மடிப்பிலிருந்து தீப்பெட்டி வெளியே வருகிறது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக விலை ஏறியதே, அதே தீப்பெட்டி. நம் நகரங்களில் சருகு மேலாண்மைக்கென்று நடைமுறையில் இருக்கும் ஒரே கட்டமைப்பு வசதி அந்த இரண்டு ரூபாய்ப் பெட்டிதான். அதையும் அவர் தம் சொந்தக் காசில் வாங்குகிறார்.

புகை எழுகிறது. சருகோடு சேர்ந்து பால் கவரும் குர்குரே உறையும் எரிகின்றன. நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் முதலில் நுழைவது பக்கத்தில் குனிந்து நிற்கிற அந்த அம்மாவின் நெஞ்சில். அதன் பிறகு மாடியில் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருக்கும் ஐயா இருமுகிறார். இருமிக்கொண்டே செல்பேசியில் படம் எடுக்கிறார். "இந்த ஜனங்களுக்கு அறிவே வராது" என்று குடியிருப்போர் குழுவில் பதிவு போடுகிறார். கீழே பத்துப் பேர் கைகூப்பி ஆமோதிக்கிறார்கள். சட்டத்தை மீறியவர் யார் என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்பாகிவிட்டது. விதி எழுதிய டெல்லி மீறவில்லை, வழிகாட்டுதல் தராத மாநகராட்சி மீறவில்லை, சாக்கு வாங்க டெண்டர் விடாத பொறியாளர் மீறவில்லை. துடைப்பம் பிடித்தவர் மீறிவிட்டார்.

தண்டனையும் கொஞ்சநஞ்சமில்லை. சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறி, 2016 டிசம்பர் 22 அன்று நாடு முழுவதற்குமான உத்தரவு வந்தது. திறந்த வெளியில் கழிவை எரித்தால் 5,000 ரூபாய்; பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். குப்பைக் கிடங்குகளில் எரிப்பதற்கும் அதே தடைதான். சரியான உத்தரவு. போராடி வாங்கிய உத்தரவு. நடைமுறைக்கு வந்தபோது அது யாரைத் தேடிப் போயிற்று என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. ஒரு நாளில் அணையவில்லை. தென்சென்னை நாள்கணக்கில் அந்தப் புகையைத் தின்றது. எரிந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்தச் சதுப்புநிலத்துக்கு, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்ததாக அறிவிப்பு வந்து நாம் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெருமளவில் எரிந்தால் 25,000. பெருங்குடியைவிடப் பெருமளவு இந்த நகரத்தில் எது? அந்தப் பணத்தை யார் யாரிடம் கட்டுவது? மாநகராட்சி, மாநகராட்சியிடம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு, கையெழுத்தும் தானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அபராதத்தின் வரலாறு இன்னும் ருசியானது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவு, காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குகிறவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்றது. அன்று 500 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் பணம். வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, போபால் நடந்தது, டெல்லி மூச்சுத் திணறியது. காலனி ஆட்சியின் சட்டத்தைத் தூக்கி எறிகிறோம் என்று முரசறைந்து பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் 280-ஆம் பிரிவு: காற்றைக் கெடுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம். நூற்று அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளில் நம் நுரையீரலின் மதிப்பு 500 ரூபாய் ஏறியிருக்கிறது. தீப்பெட்டி கூட இரட்டிப்பாகப் பதினான்கு ஆண்டுதான் எடுத்துக்கொண்டது.

தெருக்கூட்டுகிறவரோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பராமரிப்பு என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மின்வாரியத்தார் கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டுகிறார்கள். வெட்டுவது அவர்கள் வேலை. அள்ளுவது அவர்கள் வேலை இல்லை. அள்ளுகிறவர்களைக் கேட்டால், வெட்டியவர்தானே அள்ள வேண்டும் என்பார்கள். வெட்டியவருக்கும் அள்ளுகிறவருக்கும் நடுவே கிளை நடைபாதையில் கிடக்கிறது. பச்சையாகக் கிடந்து, பழுத்து, காய்ந்து, ஆடு தின்று, குழந்தை தடுக்கி விழுந்து, கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் இரவில் கொளுத்திவிடுகிறான். ஆணையரகம் கோப்பில் 'அகற்றப்பட்டது' என்று எழுதிக்கொள்கிறது. பொய் இல்லை. புகையாக அகற்றப்பட்டது.

இதில் நம் பங்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அரசை மட்டும் திட்டினால் நாக்கு அழுகும். நமக்கு நிழல் வேண்டும், இலை வேண்டாம். காரை மரத்தடியில் நிறுத்த வேண்டும், காரின்மேல் ஒன்றும் விழக் கூடாது. வேரைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் சிமென்ட் போட வேண்டும். மண் இருந்தால் இலை மண்ணோடு போயிருக்கும். சிமென்ட்டில் விழுந்த இலை குப்பையாகிவிடுகிறது. மரத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டர் வட்டத்துக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுங்கள் என்று 2013-லேயே டெல்லிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் ஊரில் நடைபாதை போடுகிறவர்கள் மரத்தின் கழுத்துவரை கட்டிவிட்டு, அதில் சுண்ணாம்பும் காவியும் பூசி அழகு பார்க்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் புல்தரை, குரோட்டன்ஸ், தொட்டியில் போன்சாய். மாதம் ஒருமுறை தோட்டக்காரர் வந்து கத்தரித்துத் தள்ளியதை என்ன செய்வது? "அப்படியே தெருமுனையில போட்டுடுப்பா" என்று கையில் நூறு ரூபாய் வைக்கிறோம். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதன் அடியில் ஒரு தோட்டம் உருவாகிறது. காலி மனை இருந்தால் இன்னும் வசதி, மதிலுக்கு மேலே தூக்கிப் போட்டால் போதும். பிறகு அதில் பாம்பு வருகிறது என்று நாமே மாநகராட்சிக்குப் புகார் எழுதுகிறோம். ஆயுதபூஜை மறுநாள் தெருவெல்லாம் உடைந்த பூசணியும் வாழைக்கன்றும். நம் பக்தி நம் வாசலோடு முடிந்துவிடுகிறது, மிச்சத்தை அள்ள ஆள் வருவார்.

ஆனால் நாம் போட்டதை ஒருவர் எடுத்துக்கொண்டுபோய் உரமாக்குவார் என்றால் பாதிப் பேராவது ஒழுங்காகப் போடுவோம். அந்த ஒருவரை ஏன் காணோம்? காசு இருக்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும். 2000-இல் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுத்தபோது டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். காய்ந்த இலை லாரியை நிரப்பும், எடைமேடையில் நிற்காது. ஒரு லாரி சருகைவிட ஒரு வண்டி கட்டட இடிபாடு லாபம். எடைக்குக் காசு என்றால் சருகை எவன் தொடுவான்? பிறகு ஒப்பந்த முறைகள் மாறின, நிறுவனங்கள் மாறின, சீருடையின் நிறம் மாறியது. சருகு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை கணக்கில் வராத அனாதை.

மழை பெய்தால் கதை தலைகீழ். நனைந்த சருகு எடை காட்டும். அப்போது பிளாஸ்டிக்கோடும் சோற்றோடும் கலந்து அதுவும் கிடங்குக்குப் போகும். காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். அந்த மீத்தேன் கோடையில் பற்றிக்கொள்ளும். இப்படிப் பல ஆண்டு கொட்டிய மலையைத் தோண்டிப் பிரிக்க இப்போது பெருங்குடியில் சுமார் 350 கோடி ரூபாய், இன்னொரு கிடங்கான கொடுங்கையூரில் சுமார் 640 கோடி ரூபாய். முதலில் காசு கொடுத்துக் கலக்கினோம், இப்போது காசு கொடுத்துப் பிரிக்கிறோம். இரண்டு வேலைக்கும் டெண்டர் உண்டு. கலக்காமல் இருப்பதற்கு டெண்டர் இல்லை.

இத்தனைக்கும் சருகை உரமாக்க ராக்கெட் விட வேண்டியதில்லை. சருகில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. பச்சைத் தழையோ காய்கறிக் கழிவோ சாணக் கரைசலோ கலந்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் கரிய உரம். வயலில் கொழுஞ்சியும் ஆவாரையும் புங்கந்தழையும் போட்டு மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மாநகராட்சியில் பொறியாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்கு டி.பி.ஆர். என்கிற விரிவான திட்ட அறிக்கை போட்டால்தான் புரிகிறது.

கோட்டையிலேயே பாருங்கள். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று ஒரு திட்டம், 206 கோடி ரூபாய். நல்ல திட்டம், நல்ல பெயர். மண்ணில் கரிமச்சத்து குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டு உழவர்களுக்குப் பசுந்தாள் உர விதை கொடுத்தார்கள். அதே கோட்டையின் இன்னொரு மாடியில் நகராட்சி நிர்வாகத் துறை. மண்ணுக்குப் போக வேண்டிய இலை தெருத்தெருவாகச் சாம்பலாவது அந்த மாடியின் கண்ணில் படவில்லை. இரண்டு மாடிக்கும் நடுவே லிஃப்ட் வேலை செய்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். அவர்தான் இந்தச் சட்டத்தின் கடைசிக் கண்ணி, அவர் இல்லாமல் ஒரு விதியும் தெருவில் நடக்காது. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து அவரைப் போன்றவர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். வேலை நிரந்தரம் வேண்டும், இருக்கிற கூலியைக் குறைக்காதீர்கள் என்றார்கள். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று வழக்கு. அப்புறப்படுத்துங்கள் என்று நீதிமன்றம். நள்ளிரவில் போலீஸ் வந்தது. நடைபாதையில் இருந்ததை ஒரே இரவில் மிச்சமில்லாமல் அள்ளி வண்டியில் ஏற்றியது இந்த நகரத்தின் வரலாற்றில் அந்த ஒருமுறைதான். எங்கள் தெருமுனைக் கிளைக்கு லாரி இல்லை என்றவர்களிடம், குப்பை அள்ளுகிற பெண்களை அள்ளிப்போக எத்தனை பேருந்து இருந்தது! மறுநாள் அமைச்சரவை கூடியது. அறிவிப்புகளில் ஒன்று, தூய்மைப் பணியாளருக்கு இலவசக் காலை உணவு. நிரந்தரம் கேட்டவருக்கு இட்லி. சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் போய்ச் சருகைக் கூட்டலாம். தீப்பெட்டிக்கு மட்டும் காசு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது 2026-ஆம் ஆண்டின் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஏப்ரல் 1 முதல் வீட்டுக் குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும். ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனக் கழிவு. பிரிக்கத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. 2000-இல் ஒரு விதி, 2016-இல் ஒரு விதி, 2026-இல் ஒரு விதி என்று பத்துப் பதினாறு வருடத்துக்கொன்றாக விதி பூக்கிறது. வேம்போ வருடாவருடம் உதிர்க்கிறது. வார்டுக்கு இரண்டு மக்குக் குழியும், தெருக்கூட்டுவோருக்கு ஆளுக்குப் பத்துச் சணல் சாக்கும், வாரம் ஒருமுறை தழைக்கென்றே வரும் ஒரு வண்டியும் இருந்தால் விதியின் பாதி எழுத்துக்கு வேலையே இல்லை. இவை மூன்றும் இல்லாமல் எழுதப்படும் எந்த விதியும் அந்த அம்மாவின் மீது போடப்படும் பொய் வழக்குதான்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு உங்கள் வார்டில் நாள் குறித்தால் போங்கள். சாலை, விளக்கு எல்லாம் கேட்டு முடித்த பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் தெருவின் இலை எந்தக் குழிக்குப் போகிறது? வண்டி எந்தக் கிழமை வரும்? கூட்டுகிறவருக்குச் சாக்கு கொடுத்தீர்களா? பார்க்கலாம், செய்துதருகிறோம் என்று வாயால் சொல்வார்கள். கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதி முடித்துக் கையெழுத்து விழும்வரை உட்காராதீர்கள்.